மயங்கி விழுகிற குடும்பத்துப் பையன் போர் விமானம் ஓட்டலாமா?

பாலக்கோடு பையன்

வணக்கம். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் கேட்டுவிடுகிறேன்.

வயது 21. பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஊர், வீட்டில் தக்காளி விவசாயம். பி.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடம். விமானப்படை அதிகாரி வேலைக்கான அடுத்த ஏஎப்கேட் தேர்வில் ஃபிளையிங் பிரிவுக்கு எழுதப் போகிறேன். படிப்பில் பயம் இல்லை. உடம்பும் பரவாயில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். 5,000 மீட்டரில் மாவட்டப் போட்டி வரை போயிருக்கிறேன். வாரம் 70 கிலோமீட்டர் ஓடுகிறேன். காலையில் எழுந்ததும் நாடி பிடித்தால் 46. உயரம் 181 செ.மீ.

சிக்கல் என் வம்சத்தில். எங்கள் வீட்டில் எல்லோரும் மயங்கி விழுவார்கள். அப்பா ரத்ததான முகாமில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு ஊசி போட்டதைப் பார்த்தே சாய்ந்தார். பெரியப்பா மாரியம்மன் பண்டிகையில் கிடா வெட்டும்போது விழுந்தார். சாமி வந்துவிட்டது என்று ஊரே விபூதி பூசிக் குறி கேட்டது. நான் பத்தாவது படிக்கும்போது காலை பிரேயரில் ஒரு முறை, போன வருடம் காய்ச்சலுக்கு ரத்தம் எடுத்தபோது ஒரு முறை. போதாக்குறைக்கு அப்பா அம்மாவுக்குத் தாய்மாமன். இரண்டு பக்கமும் ஒரே ரத்தம்.

போன வாரம் யூடியூபில் சென்ட்ரிஃபியூஜ் வீடியோ பார்த்தேன். சுழல்கிற கூண்டுக்குள் ஒரு பைலட், 6 ஜி (விமானம் வேகமாக வளையும்போது உடம்பு எடை ஆறு மடங்காகிற விசை) தாண்டியதும் தலை தொங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த அப்பா, "5ஜிக்கே டவர் கிடைக்கல, 6ஜி எங்கடா வந்துச்சு" என்றார். நான் சிரிக்கவில்லை.

இந்த ஜி தாங்குகிற சக்தி பிறவியிலேயே வருவதா? ஜீன் டெஸ்ட் என்று ஆன்லைனில் விளம்பரம் வருகிறதே, எடுத்துப் பார்க்கலாமா? அல்லது ஓட்டத்தை 100 கிலோமீட்டர் ஆக்கினால் சரியாகிவிடுமா?

ஒசூர் நைட் ஷிஃப்ட்

தம்பி, சிம்பிள். தினம் பத்து நிமிடம் சிரசாசனம். தலைக்கு ரத்தம் போய்ப் பழகிவிட்டால் அப்புறம் எத்தனை ஜி வந்தாலும் ஒன்றும் ஆகாது. எங்கள் கம்பெனியில் யோகா மாஸ்டர் சொன்னது.

மாந்தோப்பு

சிரசாசனம் செய், நல்லதுதான். ஆனால் இதற்காகச் செய்யாதே, காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. விமானப்படையில் மெடிக்கல் அசிஸ்டென்டாக இருபது வருடம். அதில் மூன்று வருடம் பெங்களூரு விமானபுரத்தில், ஏரோஸ்பேஸ் மெடிசின் இன்ஸ்டிடியூட்டில். 1957இல் தொடங்கிய இடம். சென்ட்ரிஃபியூஜில் ஏறுகிறவர்களுக்கு ஈசிஜி ஒட்டுவது, இறங்கியதும் கழற்றுவது என் வேலை. இப்போது காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு. சீசன் முடிந்துவிட்டது, கிளிமூக்கு மாங்காய்க்குக் கூழ் ஃபேக்டரியில் கொடுத்த விலையைப் பற்றி இங்கே பேச வேண்டாம். நேரம் இருக்கிறது, விவரமாகவே எழுதுகிறேன்.

நீ விவசாயி வீட்டுப் பிள்ளை, மோட்டாரை வைத்தே சொல்கிறேன். இதயம் ஒரு மோட்டார், 120 அடி தள்ளும் என்று வை. கண் இருக்கிற உயரம் 22 அடியில் ஒரு டேங்க். சாதாரண நாளில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டும். 3 ஜியில் அதே டேங்க் 66 அடிக்குப் போய்விடும். 5 ஜியில் 110 அடி. மோட்டார் அதே மோட்டார்தான், குழாயில் சொட்டு மட்டும்தான் வரும். அடி என்பதை எடுத்துவிட்டு மில்லிமீட்டர் பாதரசம் என்று போட்டுக்கொள், உண்மைக் கணக்கே அதுதான். இதயத்துக்கும் கண்ணுக்கும் ஏறக்குறைய 30 செ.மீ. அந்த ரத்தத் தூணின் எடை ஒரு ஜியில் 22 மி.மீ. சும்மா தளர்வாக உட்கார்ந்திருந்தால் பெரும்பாலோருக்கு 4, 5 ஜியில் பார்வை போவது இதனால்தான்.

முதலில் கண்தான் போகும், மூளை அப்புறம். கண்ணுக்குள்ளேயே 15 மி.மீ. போல ஓர் அழுத்தம் உண்டு, அதையும் மீறித்தான் ரத்தம் உள்ளே போக வேண்டும். கூண்டுக்குள் கண்ணுக்கு நேராக ஒரு கம்பி இருக்கும், இரண்டு ஓரத்திலும் விளக்கு, நடுவில் ஒரு விளக்கு. ஓர விளக்கு மறைந்ததும் பட்டனை அமுக்க வேண்டும். நாங்கள் வெளியே டிவியில் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். கன்னம் கீழே இழுபடும், கீழிமை தொங்கும், 25 வயதுப் பையன் பத்து விநாடிக்கு அவன் தாத்தா மாதிரி இருப்பான். இறங்கியதும் சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலைச் சுற்றி வேர்க்குரு போலச் சிவப்புப் புள்ளிகள். ரத்தம் கீழே இறங்கிய வேகத்தில் சின்னச் சின்ன நாளங்கள் கசிந்த தடம். ஜி தட்டம்மை என்போம். புதிதாக வருகிறவர்கள் பயந்து காட்டுவார்கள், இரண்டு நாளில் போய்விடும்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன்.

பிறவியில் வருவது எது? உயரம். 181 என்றால் இதயத்துக்கும் கண்ணுக்கும் இடையில் மற்றவனைவிட ஒன்றிரண்டு செ.மீ. கூடுதலாக இருக்கும். இரண்டு செ.மீ. கூடினால் 5 ஜியில் 7, 8 மி.மீ. அழுத்தம் அதிகம் வேண்டும். பெரிய நஷ்டம் இல்லை, ஆனால் நஷ்டம்தான். குட்டையாக, கழுத்து தெரியாமல், பிரஷர் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறவனுக்கு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் யோகம். (நீ முதலில் டேப் எடுத்து அளந்துகொள். விமானம் ஓட்ட உட்கார்ந்த உயரம் 96 செ.மீ. தாண்டக் கூடாது, தொடை நீளம் 64 தாண்டக் கூடாது. ஜி வருவதற்கு முன்பே அங்கே நிற்கிறவர்கள் உண்டு.)

மீதியெல்லாம் பழக்கம். பிரஷர் இறங்கினால் உடம்பு தானாக நாளங்களை இறுக்கிச் சரிசெய்யும், அதற்கு 6 முதல் 10 விநாடி வேண்டும். மூளையில் இருக்கிற ஆக்சிஜன் கையிருப்பு 4, 5 விநாடிக்குத்தான். ஜெட் விமானம் ஒரு விநாடியிலேயே பல ஜி ஏற்றிவிடும். உடம்பு சுதாரிப்பதற்குள் கையிருப்பு காலி. கண் இருட்டுகிற எச்சரிக்கைகூட இல்லாமல் நேரே மயக்கம். பன்னிரண்டு விநாடி போல முழு மயக்கம், அப்புறம் இன்னும் அவ்வளவு நேரம் எங்கே இருக்கிறோம் என்று புரியாத நிலை. அரை நிமிடம் விமானத்தை யாரும் ஓட்டவில்லை. எழுந்தவர்களில் பல பேர் "நான் மயங்கவே இல்லையே" என்று சண்டைக்கு வருவார்கள். வீடியோவைப் போட்டுக் காட்டுவோம்.

அதனால்தான் ஸ்ட்ரெய்னிங். ஜி ஏறும் முன்பே கால், தொடை, பிட்டம், வயிறு எல்லாவற்றையும் இறுக்கு. மூச்சை இழுத்து, "ஹுக்" என்று சொல்லத் தொடங்கி அந்த க்-இல் தொண்டையை அடைத்து, நெஞ்சை அழுத்து. மூன்று விநாடிக்கு ஒருமுறை சட்டென்று விட்டு இழு, ஒரு விநாடிக்குள். கால் மட்டும் தளரவே கூடாது. சரியாகச் செய்தால் 3 ஜி வரை கூடுதலாகக் கிடைக்கும். காலையும் வயிற்றையும் காற்றால் அழுத்துகிற ஜி-சூட் கொடுப்பது ஒன்று, ஒன்றரைதான். கூட்டிப் பார், 9 ஜி எங்கிருந்து வருகிறது என்று தெரியும். முக்கால்வாசி சட்டையில் இல்லை, தொடையில் இருக்கிறது.

ஒரு நாள் ஜிம் உடம்போடு ஒருவர் வந்தார். கை என் தொடை அளவு. அதே நாள் ஒல்லியாக ஒருவர், ஈசிஜி ஒட்ட நெஞ்சில் இடம் தேட வேண்டியிருந்தது. பெரியவர் மூச்சை ஐந்து, ஆறு விநாடி பிடித்துவைத்து, விடும்போது மொத்தமாகத் தளர்ந்தார், மயங்கிவிட்டார். ஒல்லியானவர் கடைசி வரை "ஹுக், ஹுக்" என்று சுவர்க்கோழி மாதிரி கத்திக்கொண்டே முடித்தார்.

அதற்காகத் தசை வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதே. 1980களில் அமெரிக்காவிலும் ஸ்வீடனிலும் எடைப் பயிற்சி கொடுத்து சென்ட்ரிஃபியூஜில் ஏற்றிப் பார்த்தார்கள். சும்மா உட்கார்ந்து தாங்குகிற அளவு பெரிதாக மாறவில்லை. ஏறி இறங்கும் ஜியில் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறார்கள் என்பது நன்றாகக் கூடியது. சண்டையில் அதுதான் வேண்டும்.

இனி உனக்குக் கசப்பான சேதி. உன் 46 நாடியும் 70 கிலோமீட்டரும் இங்கே சொத்து இல்லை. நெடுந்தூரம் ஓடுகிறவன் உடம்பு பிரஷரைத் தாழ்த்தி, இதயத்தை நிதானமாக ஓட்டப் பழகியிருக்கும். திடீரென்று எழுந்தாலே கண் இருட்டும். உனக்கு இருட்டுகிறதா இல்லையா? 100 ஆக்கினால் இன்னும் மோசம்.

சிரசாசனம்: தலைக்கு ரத்தம் ஏறினால் உடம்பு பிரஷரைக் குறைக்கத்தான் பார்க்கும். விமானத்தை முதலில் கீழே தள்ளி (அப்போதும் ரத்தம் தலைக்குத்தான் ஏறும்), உடனே மேலே இழுத்தால் 3, 4 ஜியிலேயே சிலர் மயங்கிவிடுவது இதனால்தான். தலைகீழாக நிற்பது மோட்டாரை நிறுத்தப் பழக்குவது மாதிரி.

ஒசூர் நைட் ஷிஃப்ட்

சரிங்க சார், ஒத்துக்கொள்கிறேன். மாஸ்டரிடம் சொல்லிவிடுகிறேன்.

பாலக்கோடு பையன்

ஐயா, இருட்டுகிறது. உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிவிட்டு எழுந்தால் இரண்டு விநாடி ஒன்றும் தெரியாது. அதை ஃபிட்னஸ் என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. கோச்சிங் சென்டர் வாட்ஸ்ஆப் குழுவில் ஒருவன், மயங்கி விழுந்ததை மெடிக்கலில் சொல்லவே சொல்லாதே, சொன்னால் அவ்வளவுதான் என்கிறான். என்ன செய்ய?

உயிரியல் டீச்சர்

தர்மபுரியில் மேல்நிலை வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். ஜீன் டெஸ்ட் பற்றி யாரும் சொல்லவில்லையே, அதை மட்டும் நான் சொல்கிறேன்.

விளம்பரத்தில் வருகிற டெஸ்ட்டில் பெரும்பாலும் இரண்டு ஜீன்களைத்தான் பெரிதாகக் காட்டுவார்கள். ஒன்று ஏசிடிஎன்-3. வேகமாகச் சுருங்கும் தசை நாரில் ஒரு புரதத்தைச் செய்வது. அந்தப் புரதமே இல்லாமல் உலகத்தில் நூறு கோடிப் பேருக்கு மேல் நடமாடுகிறார்கள், அவர்களுக்கு நோய் எதுவும் இல்லை. உச்சத்தில் இருக்கிற குறுந்தூர ஓட்டக்காரர்களிடம் மட்டும் இந்தக் குறை அரிது. இன்னொன்று ஏசிஇ, ரத்த அழுத்தத்தோடு தொடர்புடையது. 1998இல் பிரிட்டிஷ் மலையேற்றக்காரர்களிடம் இதன் ஒரு வடிவம் அதிகம் இருந்ததாகச் சொன்னதும் உலகமே பரபரப்பானது. நாளங்கள், தசை என்று ஜியில் வேலை செய்கிற இரண்டையும் தொடுவதால் பைலட் விஷயத்திலும் இவற்றைத் தேடுவது நியாயம்தான். ஆனால் ரத்த அழுத்தம் நூற்றுக்கணக்கான ஜீன்கள் சேர்ந்து இழுக்கும் தேர். ஒரு வடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தேர் எந்தத் தெருவில் திரும்பும் என்று சொல்ல முடியாது. அந்தப் பணத்துக்கு முட்டை வாங்கிச் சாப்பிடலாம்.

மயக்கம் குடும்பத்தில் ஓடுகிறதா என்றால், ஓடுகிறது. இரட்டையர்களை வைத்து ஆராய்ந்தவர்களும் அதையே சொல்கிறார்கள். குறிப்பாக ரத்தம், ஊசி பார்த்து மயங்குகிறவர்கள் வீட்டில் இன்னொருவர் இருப்பார். ஆனால் தாய்மாமன் கல்யாணத்தை இதில் இழுக்காதே. சொந்தத்தில் கட்டினால் கூடுகிற ஆபத்து, அப்பா அம்மா இருவரிடமும் ஒளிந்திருக்கும் ஒரே பழுது பிள்ளையிடம் ஒன்றுசேர்வது. தலசீமியா, சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய்கள் எல்லாம் அப்படி. நம் மாவட்டத்தில் அவை இரண்டுமே உண்டு, என் மாணவர்களிலேயே பார்த்திருக்கிறேன். ஜீன் பார்த்தே தீர வேண்டும் என்று இருந்தால், விளம்பரத்தை விட்டுவிட்டு ஹீமோகுளோபின் வகை பார்க்கும் பரிசோதனையை அரசு மருத்துவமனையில் கேள். ஆகாயத்தில் ஆக்சிஜன் குறையும்போது சிக்கிள் செல் பேச்சு உண்மையாகவே முக்கியம்.

மாந்தோப்பு சாரிடம் எனக்கும் ஒரு கேள்வி. என் வகுப்பில் இரண்டு பெண்கள் போர் விமானம்தான் என்று நிற்கிறார்கள். பெண் உடம்பு ஜி தாங்காது என்று ஸ்டாஃப் ரூமில் ஒருவர் அடித்துச் சொல்கிறார்.

மாந்தோப்பு

டீச்சரம்மா, 2016இலேயே மூன்று பெண்கள் போர் விமானப் பிரிவில் சேர்ந்துவிட்டார்கள். சென்ட்ரிஃபியூஜில் ஆணையும் பெண்ணையும் வைத்துப் பார்த்ததில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. உயரம் கம்மி என்பது அவர்களுக்கு லாபம்கூட. ஸ்டாஃப் ரூம்காரரை ஒரு தடவை ஏற்றிப் பார்த்தால் போதும்.

தம்பி, உனக்கு. முதலில் வீட்டில் போய் ஒன்று விசாரி. உங்கள் வம்சத்தில் யாராவது சின்ன வயதில், நன்றாக இருந்தவர், திடீரென்று இறந்திருக்கிறார்களா? ஓடும்போது, நீந்தும்போது யாராவது விழுந்திருக்கிறார்களா? ஊசிக்கு விழுவது வேறு, ஓடும்போது விழுவது வேறு. இரண்டாவது என்றால் இதயத்தைப் பார்க்கிறவரிடம் நாளைக்கே போ, ஏஎப்கேட் அப்புறம். இல்லை என்றாலும் ஒரு ஈசிஜி எடுத்துக்கொள்.

மறைப்பது பற்றி. கேள்வித்தாளில் மயங்கி விழுந்ததுண்டா என்று கேட்பார்கள். உண்டு என்று எழுது. எப்போது, எதைப் பார்த்து, எவ்வளவு நேரம், யார் பார்த்தார்கள், அத்தனையும். தேர்ந்துவிடுவாய் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். திரும்பத் திரும்ப மயங்குகிறவரை நிறுத்தத்தான் செய்வார்கள், அது சரியும்கூட. ஆனால் மறைத்துவிட்டு உள்ளே போனவன் பிறகு ஒவ்வொரு ஊசிக்கும் நடிக்க வேண்டும், ஒவ்வொரு வளைவிலும் பயப்பட வேண்டும். பின்னால் பயிற்சி ஆசிரியர் உட்கார்ந்திருக்கும் வரை பரவாயில்லை. தனியாக மேலே போன அன்று அந்த அரை நிமிடம் வந்தால்? அந்த வாட்ஸ்ஆப் பையனைக் கூப்பிட்டுக் கேட்கவா முடியும்?

உனக்குப் பிடிக்கிற மாதிரியும் ஒன்று சொல்கிறேன். ஊசிக்கு மயங்குகிறவர்களுக்கு ஸ்வீடனில் ஓஸ்ட் என்ற உளவியலாளர் 1980களில் ஒரு பயிற்சி கொண்டுவந்தார். கை, கால், வயிறு மூன்றையும் இறுக்கி முகத்தில் சூடு ஏறும் வரை 10, 15 விநாடி பிடி. விட்டுவிட்டு 20, 30 விநாடி சும்மா இரு. இப்படி ஐந்து தடவை. பிரஷர் இறங்கப் போகிற நேரத்தில் தசையால் அதைத் தூக்கிப்பிடிப்பது, அவ்வளவுதான். இது என்ன, பைலட் கூண்டுக்குள் செய்கிற அதே வேலை, பாதி. மூச்சை மட்டும் அடக்காதே, நீ வீட்டில் தனியாகச் செய்வதால் சாதாரணமாக விட்டு இழு. "ஹுக்" எல்லாம் அங்கே சொல்லிக்கொடுப்பார்கள், இங்கே பழகி வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

ஓட்டத்தை வாரம் மூன்று நாள், ஐந்தைந்து கிலோமீட்டராகக் குறை. விட்டுவிடாதே, ஒரு சண்டைப் பயிற்சி முடித்து அடுத்ததற்குள் மூச்சு திரும்ப அது வேண்டும். மற்ற நாளில் குந்தி எழுவது, எடை தூக்குவது, பிளாங்க், கெண்டைக்கால். கழுத்தை மறக்காதே. தலையும் ஹெல்மெட்டும் ஆறு, ஏழு கிலோ. 8 ஜியில் கழுத்து மேல் ஒரு சிமெண்ட் மூட்டை உட்கார்ந்திருக்கும், அந்த நேரத்தில் நீ பின்னால் திரும்பி எதிரியைத் தேட வேண்டும்.

தண்ணீர் குடி. வெயிலில் வேலை செய்துவிட்டு, காலையில் பட்டினியாக ஏறியவர்கள் முந்தின வாரம் தாங்கியதைக்கூடத் தாங்கவில்லை, என் கண்ணால் பார்த்தது. கம்ப்யூட்டரில் வைக்கும் பைலட் தேர்வு ஆயுளுக்கு ஒரே முறைதான், அதற்கும் பட்டினியாகப் போகாதே.

பாலக்கோடு பையன்

இரண்டு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். தக்காளி அறுவடை.

வீட்டில் விசாரித்தேன். இளவயதில் திடீரென்று யாரும் போகவில்லை, ஓடும்போது யாரும் விழவில்லை. எல்லாம் ஊசி, ரத்தம், இல்லாவிட்டால் வெயிலில் நின்றது. ஈசிஜி சரி. நாடி கம்மியாக இருப்பது ஓட்டத்தால் என்று டாக்டரும் சொன்னார். பிரஷர் படுத்திருக்கும்போது 112/70, எழுந்து நின்று மூன்று நிமிடத்தில் 104/72. உட்கார்ந்த உயரம் 93, தொடை 62. இரண்டு செ.மீ.யில் தப்பித்தேன்.

ஓட்டத்தைக் குறைத்தது முதல் வாரம் பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தது. இப்போது காலையில் 25 கிலோ தக்காளி கிரேட்டை நெஞ்சோடு அணைத்துக் குந்தி எழுகிறேன். எழுந்தால் கண் இருட்டுவது அநேகமாக நின்றுவிட்டது.

டீச்சர் சொன்ன பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போனேன். இரண்டு வாரம் முன்பிருந்தே இறுக்கிப் பழகியிருந்தேன். ஊசியைப் பார்த்துக்கொண்டே தொடையையும் வயிற்றையும் இறுக்கினேன். காது லேசாக அடைத்தது, உதடு மரத்தது, வழக்கமாக அதற்கு அடுத்தது தரைதான். இந்த முறை அங்கேயே நின்றது. "ஏன் தம்பி இப்படிப் பல்லைக் கடிக்கிற, இன்னும் ஊசியே போடல" என்றார் லேப் அக்கா. ரிசல்ட் நார்மல்.

அப்பாவுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டேன், அடுத்த முகாமில் போய்ப் பார்க்கிறேன் என்கிறார். பெரியப்பாவிடமும் விளக்கினேன், நாளம், பிரஷர், மோட்டார் எல்லாம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, உங்களுக்கெல்லாம் வந்தது மயக்கம், எனக்கு வந்தது சாமிதான் என்று சொல்லிவிட்டார்.